கூழுக்குப் பாம்பை அனுப்பாத தேவன்

என் வீட்டுக்காரருக்கு ஒன்றுக்கு வந்ததற்காக நான் கர்த்தரைத் துதிக்கிறேன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். முன்பெல்லாம் யாராவது இப்படிச் சாட்சி சொல்ல எழுந்திருந்தால் நானும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்திருப்பேன். ஒரு மனுஷனுக்கு மூத்திரம் நின்றுபோனால் வீடு என்ன ஆகும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஞானஸ்நானத்தில் எனக்கு வைத்த பெயர் எஸ்தர். வீட்டில் செல்விதான். செஞ்சிக்குப் பக்கத்துக் கிராமம். வீட்டில் உட்கார்ந்து ரவிக்கை தைக்கிறேன். வாய் எனக்குக் கொஞ்சம் நீளம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரர் ஏழுமலை, சொந்தக் கொல்லையில், அதாவது நிலத்தில், பாடுபடுகிறவர். மாமியார் அஞ்சலை எங்களோடுதான் இருக்கிறாள். குடும்பத்தில் விசுவாசி நான் ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமை அவர் என்னைச் சபை வாசல் வரைக்கும் பைக்கில் கொண்டுவந்து விடுவார். உள்ளே வரமாட்டார். முடிகிற நேரத்துக்குச் சரியாக வந்து நிற்பார்.

எங்கள் சபையில் ஞானஸ்நானம் எடுக்கிற பெண்கள் நகையைக் கழற்ற வேண்டும். கம்மல், வளையல், தாலி எல்லாமே. என் முறை வந்தபோது அதை வீட்டுக்காரரிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சோறு போட்டுக்கொண்டே தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்தவில்லை.

"கழட்டனா உனக்கு நிம்மதியா?"

"ஆமா."

"அப்ப கழட்டு. ஊர்ல கேட்டா நான் பேசிக்கறேன்."

ஊர் கேட்டது. கேட்காத வாய் இல்லை. உயிரோடு இருக்கிறவன் பெண்டாட்டி மூளிக் கழுத்தோடு போகிறாளே என்று டீக்கடையில் அவர் முகத்துக்கு நேராகவே பேசினார்கள். அவர் எனக்கு ஒன்றும் வந்து சொன்னதில்லை. மாமியார்தான் அந்தத் தாலியை எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து தன் பெட்டியில் வைத்துக்கொண்டாள். பல மாதம் என்னோடு பேசவில்லை. குழம்பில் உப்புக் குறைந்தால்கூடச் சுவரைப் பார்த்துத்தான் சொல்வாள்.

போன ஆடி மாதம் எங்கள் ஊர் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். அத்தை வழக்கம்போல ஒரு சொம்பு வாங்கிக்கொண்டு வந்தாள். விக்கிரகத்துக்குப் படைத்ததை விசுவாசி தொடக்கூடாது என்று ஒவ்வொரு வருஷமும் நான் வேண்டாம் என்றுவிடுவேன். இந்த முறை தம்ளரில் ஊற்றிக்கொண்டு என் தையல் மிஷின் பக்கத்திலேயே வந்து நின்றாள்.

"வருசம் பூரா உன் சாமி சொல்றத கேக்கற. ஒரு நாளு நான் சொல்றத கேளேன்டி."

கெஞ்சுகிற பேச்சு அவளுக்கு வராது. அன்றைக்குக் கெஞ்சினாள். குடித்துவிட்டேன். தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை வேறு வைத்துக் கொடுத்தாள். ருசியாக இருந்தது. குடித்ததைவிட, ருசியாக இருந்ததுதான் எனக்கு உறுத்தியது.

ஆவணிக் கடைசியில் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கினோம். வேர்க்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பிடுங்கின செடியை அங்கங்கே குவித்துப் போட்டு, வாடினதும் வாரிக் களத்துக்குக் கொண்டுபோவோம். மறுநாள் காலையில் அவர் முதல் குவியலை இரண்டு கையாலும் வாரினார். கீழே படுத்திருந்திருக்கிறது. கண்ணாடி விரியன்.

"செல்வி, பூச்சி கடிச்சிடுச்சி" என்றார். எங்கள் பக்கம் பாம்பைப் பெயர் சொல்லிப் பேச மாட்டார்கள். ஏதோ கட்டெறும்பு கடித்ததுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். நான் போய்ப் பார்ப்பதற்குள் வலது கை வீங்க ஆரம்பித்துவிட்டது.

செஞ்சி ஆஸ்பத்திரியில் உடனே ஊசி போட்டார்கள். அங்கிருந்து ஆம்புலன்ஸில் பாண்டிச்சேரிக்கு அனுப்பினார்கள். போகிற வழியிலேயே பல் ஈறில் ரத்தம் கசிந்தது. அங்கே கண்ணாடிக் குழாயில் அவர் ரத்தத்தை எடுத்து வைத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து நர்ஸ் அந்தக் குழாயைச் சாய்த்துப் பார்த்தது. உறைந்திருக்க வேண்டுமாம். தண்ணீர் மாதிரி ஓடியது. மறுபடியும் ஊசி, மறுபடியும் குழாய். ஒருவழியாக ரத்தம் உறைய ஆரம்பித்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அதற்குள் மூத்திரம் நின்றுபோய்விட்டது.

டாக்டர் சின்னப் பெண், எனக்கு மகள் வயதுதான் இருக்கும். "அம்மா, விஷம் கிட்னிய புடிச்சிருக்கு. மெஷின் வச்சு ரத்தத்த சுத்தம் பண்றோம். கிட்னி திரும்ப வேலை செய்யுமான்னு இந்தப் பைதான் சொல்லணும்" என்று கட்டிலில் தொங்கிய பையைக் காட்டியது.

"வேலை செய்யலன்னா?"

அந்தப் பெண் என் தோளில் கையை வைத்தது. அன்றிலிருந்து என் கண் அந்தப் பையைவிட்டு நகரவில்லை. காலியாகவே தொங்கியது.

பக்கத்துக் கட்டிலிலும் பாம்புக்கடிதான். பனமலைப் பக்கத்துக்காரர். அவர் மனைவி லூர்துமேரி, கையில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இருப்பாள். சிறுவயசு. நான் கண்ணசந்தால் என் வீட்டுக்காரரையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வாள்.

எங்கள் சபையில் பெண்களின் உபவாச ஜெபத்தை நடத்துகிற ரூபி சிஸ்டர் போன் பண்ணினார்கள். நான் அழுதேன். அவர்களும் அழுதார்கள். ஜெபம் பண்ணிவிட்டுச் சொன்னார்கள்: "சிஸ்டர், நல்லா யோசிச்சுப் பாருங்க. எங்கயாவது கீழ்ப்படியாமை இருக்குதா? வேலி உடைஞ்ச எடத்துலதான் சர்ப்பம் நுழையும்."

ஒன்றுதான் ஞாபகத்துக்கு வந்தது. கூழ்.

சொன்னேன். "ஸ்தோத்திரம். கர்த்தர் வெளிப்படுத்திட்டாரு சிஸ்டர்" என்றார்கள்.

ரூபி சிஸ்டரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நாங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் எங்கள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியது அவர்கள் வீட்டுக்காரர்தான். அவர்கள் என்னிடம் கேட்ட அதே கேள்வியை நான் எத்தனை வீட்டில் போய்க் கேட்டிருக்கிறேன்! குழந்தை இல்லாதவளிடம் கேட்டிருக்கிறேன். கட்டி வந்தவளிடம் கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டும் இருக்கிறேன்.

சோற்றை விட்டேன். தண்ணீரையும் குறைத்தேன். கர்த்தரிடம் பேரம் பேச ஆரம்பித்தேன். இனி அந்தக் கூழை மோந்துகூடப் பார்க்கமாட்டேன். டிவி பார்க்கமாட்டேன். யாரையும் கேலி பேசமாட்டேன். இறக்கமான கழுத்து வைத்த ரவிக்கை இனித் தைக்கமாட்டேன் என்றுகூடச் சொன்னேன். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுப் பையைப் பார்ப்பேன். ஒரு சொட்டு இல்லை. அப்படியானால் இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது, எதை மறைக்கிறேன் என்று என்னையே குடைந்தேன். நான் கழுவப்பட்டவள், இரட்சிக்கப்பட்டவள் என்று பாட்டுப் பாடுகிறவள். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. என் இரட்சிப்பு ஒரு தம்ளர் கூழில் கரைந்துபோய்விட்டது, அதோடு என் புருஷனும் போகப்போகிறார்.

இந்த நிலைமையில் அத்தை பஸ் ஏறி வந்து சேர்ந்தாள். ஒரு கையில் இட்லிப் பொட்டலம். இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து அந்த மஞ்சள் துணியை எடுத்தாள்.

"கட்டிக்கோடி."

"அத்தை, வேணாம். உள்ள வை."

"அவன் கட்டனதுடி இது. நீ அவுத்தப்பவே என் வயித்துல நெருப்பு வுழுந்துச்சி. இப்ப இன்னா ஆச்சி பாத்தியா? கட்டிக்கோ. எம்புள்ள பொழச்சிக்குவான். உன் கால்ல வுழுறன்டி."

சொன்னதோடு நிற்கவில்லை, நிஜமாகவே குனிந்தாள். வயிற்றில் பசி, தலையில் டென்ஷன், சுற்றிலும் ஜனங்கள் பார்க்கிறார்கள். எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ.

"தாலியால இல்ல. உன் கூழால! நீ ஊத்தன கூழாலதான் அவருக்கு இந்தக் கதி!"

அத்தை என்னோடு மல்லுக்கு நிற்பாள் என்று நினைத்தேன். சண்டையில் அவளை ஜெயிக்க எங்கள் தெருவிலேயே ஆள் கிடையாது. ஆனால் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கூழா?" என்றாள். "நான் ஊத்தன கூழா?"



"பெத்த கையாலயே எம்புள்ளைக்கு எமன வச்சனா?" என்று தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். பிறகு எங்கேயோ பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். "அவனுக்கு சின்னதுல அம்ம போட்டப்ப தீ மிதிக்கறன்னு அம்மனுக்கு வேண்டிக்கினேன். மிதிக்கல. பயந்துக்கினு வுட்டுட்டேன். அதுவா இருக்குமா? போன வருசம் பொங்க வைக்கல. அதுவா? கூழா இருக்குமா? எதுடி செல்வி? எதுன்னு சொல்லு, நான் அத செஞ்சிடறேன்."

அவள் நான் சொன்னதை நம்பிவிட்டாள். அதுதான் என்னை உலுக்கியது. நான் உள்ளே குடைந்துகொண்டிருந்ததை அவள் வெளியே சத்தமாகச் செய்துகொண்டிருந்தாள். அவள் அம்மனைப் பற்றிப் பேசினாள், நான் ஆண்டவரைப் பற்றிப் பேசினேன். பயம் இரண்டு பேருக்கும் ஒரே பயம்தான். அப்படியானால் நான் எதை விட்டு வந்தேன்? எதற்காகத் தண்ணீரில் இறங்கினேன்?

மீன் கேட்கிற பிள்ளைக்குப் பாம்பைக் கொடுக்கிற தகப்பன் உண்டா என்று நம்முடைய ஆண்டவர் ஜனங்களைப் பார்த்துக் கேட்டார். பிரசங்கத்தில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அந்த வராந்தாவில்தான் அந்தக் கேள்வி எனக்கென்று வந்தது. என் மாமியார் மனசு நோகக்கூடாது என்று நான் குடித்த கூழுக்காக என் தகப்பன் கொல்லையில் விரியனைக் கொண்டுவந்து வைத்தாரா? குடித்தது நான். கடி வாங்கினது அவர். இது எந்த ஊர் நியாயம்? சிலுவையில் எல்லாவற்றையும் தானே சுமந்து முடித்தவர், கூழை மட்டும் தனியாக எடுத்துவைத்துக்கொண்டு ஆவணி வரைக்கும் காத்திருந்தாரா? சீ, என் அப்பாவைப் பற்றி நான் என்ன நினைத்துவிட்டேன் என்று அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அத்தை பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தேன். கலியாணமாகி வந்து இத்தனை வருஷத்தில் நான் அவள் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

"அத்தை, கூழால இல்ல. நான் சொன்னது பொய்யி. என்ன மன்னிச்சிடு. உன்னாலயும் இல்ல, என்னாலயும் இல்ல. கொல்லையில பாம்பு இருந்துச்சி, கடிச்சிடுச்சி. அவ்ளோதான். தாலிய குடு, கட்டிக்கறேன். உனக்காக கட்டிக்கறேன். ஆனா அது அவர காப்பாத்தாது அத்தை. காப்பாத்தறவரு வேற."

அத்தை மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எவளாச்சும் தானே தாலி கட்டிப்பாளா, பைத்தியம்! அவன் எழுந்து வரட்டும்." துணியை மறுபடியும் முடிந்து சுருக்குப்பையில் போட்டுக்கொண்டாள். "மூஞ்ச பாரு. சாப்டியா நீ?"

"உபவாசம்."

"நீயும் படுத்துக்கினா எவ பாக்கறது? துன்னு."

தின்றேன். இட்லி தொண்டையில் இறங்கும்போது பயமாகத்தான் இருந்தது. கையைக் கழுவிவிட்டு வந்து கட்டிலின் கால்பக்கம் நின்று ஜெபம் பண்ணினேன். வழக்கமாக நான் பக்கம் பக்கமாக ஜெபிக்கிறவள். அன்றைக்கு வார்த்தை வரவில்லை. "அப்பா, என் கையில ஒண்ணும் இல்ல. உபவாசமும் போச்சி. வாயும் கெட்டுப்போச்சி. கீழ்ப்படிஞ்சேன்னு காட்ட ஒண்ணும் இல்ல. இவர எனக்குக் குடுங்க. குடுக்கலன்னா நான் வேற யார்கிட்ட போவேன்?" அவ்வளவுதான். இதைச் செய்தால் அதைச் செய்கிறேன் என்று சொல்லாமல் நான் கேட்ட முதல் ஜெபம் அதுதான்.

உடனே வந்துவிட்டதா என்று கேட்பீர்கள். வரவில்லை. மறுபடியும் மெஷினுக்குக் கொண்டுபோனார்கள், மறுபடியும் கொண்டுவந்தார்கள். அவர் முகம் உப்பிப்போய் யாரோ மாதிரி கிடந்தார். நான் நம்பிக்கையோடு திடமாக இருந்தேன் என்று சொன்னால் பொய்யாகிவிடும். மாடிப்படியில் உட்கார்ந்து பயத்தில் நடுங்கியிருக்கிறேன். ஆனால் யார் செய்த பாவம் என்று தேடுவதை மட்டும் விட்டுவிட்டேன். அதை விட்ட பிறகு வெறுமனே அழ முடிந்தது.

ஒரு மத்தியானம் மருந்து வாங்கிக்கொண்டு மேலே ஏறுகிறேன், வார்டுக்குள்ளிருந்து அத்தையின் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது.

"செல்வீ! வந்துச்சிடீ! ஏழுமல ஒண்ணுக்கு வுட்டுட்டான்டீ!"

ஓடினேன். பையின் அடியில் கொஞ்சம், கருப்பட்டிக் காப்பி நிறத்தில். நர்ஸ் சிரித்துவிட்டது. நான் அந்தப் பையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று அழுதேன். அவர் கண்ணைத் திறந்து, "வுடுங்க. மானம் போவுது" என்றார். பல நாளைக்குப் பிறகு அவர் பேசின பேச்சு அது.

இங்கேயே முடித்தால் சாட்சி அழகாக இருக்கும். முடிக்க முடியாது.

நாளுக்கு நாள் எங்கள் பை நிறைந்தது. லூர்துமேரியின் புருஷனுக்கு நிறையவில்லை. ஒரு காலையில் அவர் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தார்கள். அந்தப் பெண் என்னைவிட அதிகமாக ஜெபித்தவள். கோபமாக ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. அவள் என் மடியில் வந்து விழுந்தாள்.

"நான் இன்னா தப்பு பண்ணேன் அக்கா? இன்னா தப்பு பண்ணேன்?"

கொஞ்ச நாளுக்கு முன்னால் என்றால் என்னிடம் ஒரு கேள்வி தயாராக இருந்திருக்கும். யோசித்துப் பார் தங்கச்சி, எங்காவது கீழ்ப்படியாமை இருக்கிறதா? அந்தப் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் அதைக் கேட்டே இருப்பேன். என் நீளமான வாயை அன்றைக்கு அடக்கினது கர்த்தர்தான்.

"நீ ஒண்ணும் பண்ணலம்மா" என்றேன். "நீ ஒண்ணுமே பண்ணல." அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. எங்களுக்குக் கிடைத்தது அவளுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஜெபத்தில் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். "கூழ் விஷயத்தையும் மறக்காம சொல்லுங்க சிஸ்டர். அறிக்கை பண்ணதும் விடுதலை வந்துச்சின்னு சொல்லுங்க. எல்லாருக்கும் எச்சரிப்பா இருக்கும்" என்று ரூபி சிஸ்டர் ஞாபகப்படுத்தினார்கள். வீட்டுக்காரர் இன்னும் வண்டி ஓட்டக்கூடாது என்பதால் அன்றைக்கு எனக்குத் துணையாக வந்தது அத்தை. உள்ளே வரச் சொன்னேன், மாட்டேன் என்று வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மைக்கைப் பிடித்த இடத்திலிருந்து அவள் முதுகு தெரிந்தது. நான் கூழைப் பற்றிச் சொன்னேன். அதற்காகத் தேவன் பாம்பை அனுப்பவில்லை என்றும் சொன்னேன். லூர்துமேரியைப் பற்றியும் சொன்னேன். ஆமென் கொஞ்சம்தான் வந்தது. ரூபி சிஸ்டர் இப்போது என்னோடு அளந்துதான் பேசுகிறார்கள். எனக்கு அது வலிக்கிறது. பாஸ்டர் மட்டும் வெளியே வந்து, "நீங்க சொன்னத நான் யோசிக்கணும் சிஸ்டர்" என்றார்.

கீழ்ப்படிய வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். இத்தனை வருஷம் என் வீட்டுக்காரருக்குச் சோறாக்கிப் போடுகிறேன். ஒரு நாள் குழம்பு தீய்ந்தால் என்னை வீட்டைவிட்டுத் துரத்திவிடுவார் என்று பயந்தா சமைக்கிறேன்? அவர் என் மனுஷன் என்பதால் சமைக்கிறேன். கர்த்தரும் என்னைக் கூட்டிக்கொண்டது முதலில். நான் அவர் சொல் கேட்பது அதற்குப் பிறகு. இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு இவ்வளவு காலம் நானும் நிம்மதியாக இல்லை, மற்றவர்களையும் நிம்மதியாக விடவில்லை. நகை நான் இன்னும் போடவில்லை. போட ஆசையும் இல்லை. ஆனால் போட்டிருக்கிறவளைப் பார்த்து இப்போது நான் முகம் சுளிப்பதில்லை.

அத்தை ஒரு நாள் மஞ்சள் துணியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கட்டறதுன்னா கட்டறேன். வேணான்னா வுடு. எப்பிடி இருந்தாலும் நீ எம்பொண்டாட்டிதான, இதுல இன்னா இருக்குது?" என்று சொல்லிவிட்டு மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விட்டார். கிருபை என்றால் என்னவென்று எனக்குப் பிரசங்கத்தில் புரியாதது அன்றைக்குப் புரிந்தது. அவருக்குத் தான் சொன்னது இன்னதென்றே தெரியாது. இன்னும் சபை வாசலோடுதான் நிற்கிறார். அவருக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் மறுபடியும் ரத்தப் பரிசோதனை. போன தடவை, கிட்னி கழிக்க வேண்டிய கழிவு ரத்தத்தில் கொஞ்சம் கூடியிருக்கிறது என்றார்கள். உப்பில்லாத சாப்பாடு, அளந்து தண்ணீர். வெளியே காட்டிக்கொள்ளாமல் மூன்று பேருமே பயந்துகொண்டிருக்கிறோம். என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. நல்லபடியாக வந்தால் துதிப்பேன். வராவிட்டால் அழுவேன், சண்டைகூடப் போடுவேன், ஆனால் கர்த்தரிடமேதான் போவேன். அவர் யார் என்று எனக்கு இப்போது கொஞ்சம் தெரியும்.

இதை வாசிக்கிற உங்கள் வீட்டிலும் யாராவது படுத்த படுக்கையாக இருக்கலாம். யார் எதை மீறினார்கள் என்று ராப்பகலாகக் குடைந்துகொண்டு, உங்களையும் வீட்டில் இருக்கிறவர்களையும் கொல்லாதீர்கள். கர்த்தரிடம் கொண்டுபோக உங்களிடம் ஒன்றும் இல்லையா? பரவாயில்லை, அப்படியே போங்கள். நான் உபவாசம் முறிந்து, வாய் கெட்டு, வயிற்றில் இட்லியோடு போய் நின்றவள். என்னை அவர் வெளியே போ என்று சொல்லவில்லை.